தண்ணீர் ஏறின நேரம்

“மாத்தயா காலைல வந்தது தானே, அம்மா? விசில் கேட்டது. ஏன் என்கூட கதைக்காம போனது?”

கால்வாயில் இறால் வலை போடுகிற சிங்கள மனிதர் தோணியில் நின்றபடி என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது இவர் செத்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாம்பலையும் முகத்துவாரத்தில் கரைத்தாயிற்று.

மாத்தயா, ஐயா, என்று அந்த மனிதர் சொன்னதும் இவர் என்று நான் எழுதுவதும் என் கணவரை. பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எழுதிப் பார்ப்போம் என்று பேனையை எடுத்தேன், கையும் வரவில்லை.

அந்த மனிதருக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை இன்றைக்கு வரவில்லை என்று எடுத்துக்கொண்டார் போல. “அப்ப நாளைக்கு வரச் சொல்லுங்க. நல்ல இறால் இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கழியை ஊன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார். கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆம்பிளைகளை உரத்துக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. நான் யோசித்து முடிக்கிறதுக்குள் தோணி வளைவில் திரும்பிவிட்டது.

அந்தக் கால்வாய் வத்தளைப் பக்கம் இருக்கிறது. களனி கங்கை கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, கங்கையிலிருந்து பிரிந்து வடக்கே போகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டினது என்பார்கள். ஒரு கரையில் வீடுகளும் தோணிகளும். மற்றக் கரையில் கண்டல் மரம், கோரைப்புல், சேறு. அதற்கப்பால் சதுப்பு, முத்துராஜவெல வரைக்கும். கடல் பெருகினால் கங்கைக்குள் உப்புத்தண்ணீர் ஏறும். கங்கைக்குள் ஏறினது கால்வாய்க்குள்ளும் ஏறும். வற்றுகிறபோது வந்த வழியே இறங்கிப் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் அந்தத் தண்ணீர் தன் மனதை மாற்றிக்கொள்ளும்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் பிடித்து நாங்கள் இரண்டு பேரும் அங்கே போவோம், இவர் குருவி பார்க்க, நான் இவரைப் பார்க்க. முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு நானும் குருவி பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். புத்தகத்தில் படம் பார்த்துப் பெயர் பிடிக்க எனக்கு வராது. எது எப்போது எங்கே வந்து இருக்கும், எதைக் கண்டால் எது பறக்கும், இவ்வளவும் பிடிபட்டுவிட்டது.

இவருக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. கப்பலைப் பார்க்கிற வேலையில் குருவியைப் பார்க்கப் பழகினவர். ஆனால் சண்டை நடந்த வருஷங்களில் ஒரு தமிழன், அதுவும் கொட்டாஞ்சேனைத் தமிழன், கையில் பைனாகுலரோடு கடற்கரையில் நின்றால் எங்கே கொண்டுபோவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் இவர் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு குருவியும் போடுகிற சத்தத்தை வாயால் எடுத்து, விசிலடித்துக் கிட்ட வரப் பண்ணிப் பார்ப்பார்.

“விசிலுக்கு ஒருத்தனும் ஐசி கேக்கமாட்டான்” என்பார். மூலைக்கு மூலை மறித்து அடையாள அட்டை கேட்ட காலம் அது.

சண்டை முடிந்த பிறகு மகன் பைனாகுலர் வாங்கிக் கொடுத்தான். இவர் அதைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருகி வைத்திருந்தார். வலது கண்ணில் படலம் விழுந்திருந்ததால் அந்தப் பக்கம் ஒரு மாதிரித் திருகல். நான் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் புகை போலத் தெரியும். இப்போதும் அதை நான் திருப்பவில்லை. புகையோடுதான் பார்க்கிறேன்.

விசில்களில் இவருக்கு நன்றாக வந்தது ஆறுமணிக் குருவியினுடையது. கையில் பொத்திப் பிடிக்கிற அளவுக் குருவி. பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஐப்பசியில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும். சித்திரையில் திரும்பிப் போய்விடும். விடியவும் பொழுது படவும் ஆறு மணி போலப் பற்றைப் புதருக்குள் இருந்து கூப்பிடும். இரண்டே இரண்டு ஒலி. முதலாவது மேலே ஏறும், இரண்டாவது கீழே இறங்கும். இவருடைய மேற்பல் ஒன்று விழுந்த பிறகு, அந்த இரண்டாவது ஒலி நடுவில் உடைந்து காற்றாகப் போகும். அப்படியிருந்தும் குருவி பதில் சொல்லும். “அதுக்கும் என்ரை வயசு விளங்குது” என்று சிரிப்பார்.

வீட்டில் என்னை “இஞ்சேரும்” என்றுதான் கூப்பிடுவார். கால்வாய்க் கரையில் அப்படிக் கூப்பிட முடியாது, வாயைத் திறந்தால் கொக்கு முதலில் எழும்பும், பிறகு எல்லாம் எழும்பும். நான் எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் நடப்பேன். ஏதாவது கண்டால் இவர் திரும்பாமலே ஆறுமணிக் குருவி போல விசிலடிப்பார். நான் கிட்டப் போவேன். ஒரு நாளும் நான் பதிலுக்கு விசிலடித்ததில்லை. பொம்பிளைகள் விசிலடிப்பதா என்று சொல்லி வளர்ந்தவள். கூப்பிட்டால் போவேன், அதுதான் என் பதில்.

அதனால்தான் தோணிக்காரர் விசில் கேட்டது என்றதும் எனக்குக் கால் குளிர்ந்துபோனது. அதற்கு முன்னமே என் மனதில் ஒரு பயம் இருந்தது. அந்தியேட்டி அன்றைக்கே வந்த பயம்.

ஐயர் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்துத் தந்திருந்தார். முகத்துவாரத்தில், கங்கையும் கடலும் சேருகிற இடத்தில் கிரியைகள் முடிந்தன. மகன் சாம்பல் முட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். நானும் மருமகளும் கரையில் நின்றோம். பார்க்கக் கூடாத நேரத்தில் நான் குருவியைப் பார்த்தேன். உள்ளான் குருவிகள் எல்லாம் அலைக்குப் போட்ட கற்களின் மேல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இவர் சொல்லுவார், “குருவி சேத்திலை ஓடினா தண்ணி இறங்குது. குருவி கல்லிலை ஏறினா தண்ணி ஏறுது. கலண்டர் தேவையில்லை.” மாசி மாதம் மழை இல்லை. கங்கையில் தண்ணீர் வரத்து இல்லாத காலம் கடல்தான் உள்ளே வரும். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று கடல் பக்கத்திலிருந்து கங்கைக்குள் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

மகனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவது. “தம்பி, தண்ணி ஏறுது” என்றேன்.

“பயப்பிடாதேங்கோ அம்மா, இடுப்பளவுக்கு மேலை போகமாட்டன்.”

“உனக்கில்லை. சாம்பல் உள்ளுக்கை போயிடும். கொஞ்சம் பொறுத்துச் செய்வமோ?”

மகன் ஐயரைப் பார்த்தான். ஐயர் என்னைப் பார்த்து, பிள்ளைக்குச் சொல்லுவது போலச் சொன்னார். “அம்மா, கங்கையும் சமுத்திரமும் சேருற இடம் இது. இஞ்சை போட்டா எந்தப் பக்கம் போனாலும் சமுத்திரந்தான். நேரம் தப்பப்படாது.”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முட்டி தண்ணீருக்குள் தாழ்ந்தது. செவ்வந்திப் பூக்களும் ஒரு பாதித் தேசிக்காயும் மேலே வந்து மிதந்தன. திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பது முறை, எல்லோரும் அப்படியே வந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பூக்கள் கரையோரமாக எங்கள் காலடியைத் தாண்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே போயின. ஒரு நீர்க்காகம் முங்கி எழும்பி அவற்றோடு கூடவே போனது. வளைவு வரைக்கும் கண்டேன். அந்த வளைவில்தான் கால்வாய் பிரிகிறது.

ஒரு வருஷத்துக்குக் கோயிலுக்குப் போகக்கூடாது என்றார்கள். கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாது என்றார்கள். கால்வாய்க் கரைக்குப் போகக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை, நான் தனியே அங்கே போவேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மருமகள் வேலைக்குப் போன பிறகு பைனாகுலரைச் சந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அப்படிப் போன முதல் நாளிலேதான் தோணிக்காரர் விசிலைப் பற்றிக் கேட்டது.

அதற்கடுத்த கிழமை என் காதாலேயே கேட்டேன்.

கவிழ்த்து வைத்த தோணி ஒன்றின் மேல் இருந்தேன். நல்ல காலை வெயில். ஆலாக் குருவிகள் கால்வாயின் நீளத்துக்குப் போய்த் திரும்பிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் புறப்படுகிற காலம் வந்துவிட்டது, தலை கறுக்கத் தொடங்கியிருந்தது. அப்போது உள்பக்கமிருந்து, கண்டலுக்குள்ளே இருந்து வந்தது. முதல் ஒலி ஏறியது. இரண்டாவது இறங்கி நடுவில் உடைந்து காற்றாகப் போனது.

நான் எழும்பிவிட்டேன். எழும்ப வேண்டும் என்று நினைத்து எழும்பவில்லை. கூப்பிட்டால் போய்ப் பழகின கால் அது. கரையோரம் நடந்து, சிறு பாலத்தைத் தாண்டி, மற்றப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் போய்க்கொண்டே இருந்தேன். நான் போகப் போக விசிலும் உள்ளே உள்ளே போனது. கணுக்கால் வரைக்கும் சேறு ஏறின பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. முன்னால் பாதை இல்லை. நிறையக் கண்டல் வேர்கள், விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டு நின்றன. காலை இழுத்தேன், செருப்பு ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது.

ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் வந்தேன். பின்னேரம் மருமகள் கண்டுவிட்டாள்.

“மாமி, மற்றச் செருப்பு எங்கை?”

“பஸ்ஸிலை கழண்டுபோச்சு.”

“செருப்புக் கழண்டது தெரியாமலோ வந்தனீங்கள்? நல்ல காலம், தலை கழண்டிருந்தாலும் தெரியாமல் வந்திருப்பியள்” என்று சிரித்தாள். நல்ல பிள்ளை. அடுத்த நாள் புதுச் செருப்பு வாங்கி வந்தாள்.

செத்தவர்கள் கூப்பிட்டால் ஓம் என்று சொல்லக்கூடாது என்பது எங்களுடைய ஆட்களில் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். நான் வாயால் ஓம் சொல்லவில்லை. கால் சொல்லிவிட்டதே என்று அந்தக் கிழமை முழுக்க நித்திரை இல்லை.

சித்திரை பிறந்தது. வருஷப் பிறப்புக்குக் குயில் கத்தத் தொடங்கியது. ஆறுமணிக் குருவிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. உள்ளான்களும் போய்விட்டன. கற்கள் வெறுமையாக இருந்தன. இந்த நாட்டில் பூப்பூக்கிற காலம், இலை உதிர்கிற காலம் என்று தனியாக ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே கால மாற்றம் இதுதான்: குருவி போகிறது. அவற்றோடு விசிலும் போய்விடும் என்று நினைத்தேன். வைகாசியில் மழை தொடங்கின பிறகும் கேட்டது. ஆனியிலும் கேட்டது. அந்தக் குருவி இந்த நாட்டிலேயே இல்லாத மாதங்களில், கண்டலுக்குள் இருந்து, அதே உடைந்த விசில். எப்போதும் உள்பக்கமிருந்துதான். கடல் பக்கமிருந்து ஒரு நாளும் இல்லை.

அப்போதுதான் என் மனதில் அது இரண்டாகப் பிரிந்தது. இவர் என்னைக் கூப்பிடுகிறாரா? அல்லது ஏறின தண்ணீரோடு உள்ளே போனவர் வெளியே போக வழி தெரியாமல் நின்று, வழி கேட்கிறாரா? முதலாவது என்றால் நான் பயப்பட வேண்டும். இரண்டாவது என்றால் நான் ஏதாவது செய்ய வேண்டும். பயப்படுவது எனக்குச் சுலபம், பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. மற்றதுதான் கஷ்டம். ஏனென்றால் அதற்கு நான் வாய் திறந்து ஆட்களிடம் கேட்க வேண்டும்.

கேட்க எனக்கு மார்கழி வரைக்கும் சென்றது. வருஷம் முடிகிற ஆட்டைத் திவசம் தையில் வருகிறது என்று மகன் கதை எடுத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“தம்பி, பிண்டம் கரைக்கிறதை முகத்துவாரத்திலை செய்வம். தண்ணி இறங்குற நேரமாப் பாத்து.”

மகன் நிமிர்ந்து பார்த்தான். நான் சாப்பாட்டு நேரத்தில் இவ்வளவு நீளமாகக் கதைத்து அவன் கேட்டதில்லை.

“ஏன் அம்மா?”

“அண்டைக்குத் தண்ணி ஏறின நேரம் கரைச்சது. அப்பா உள்ளுக்கை போயிட்டார்.”

மருமகள் கறியை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். “எங்கை மாமி, உள்ளுக்கை?”

“கால்வாய்க்கை.”

“மாமா அங்கை என்ன, இறால் பிடிக்கிறாரோ?” என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சும்மா சொன்னனான் மாமி. கோவிக்காதேங்கோ.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவர் கேட்டிருந்தால் தானும் சிரித்திருப்பார். மகன் சிரிக்கவில்லை. போனை எடுத்து எதையோ தட்டினான். கடல் ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் இப்போது போனிலேயே இருக்கிறதாம். கல்லில் குருவி ஏறினதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஆளின் பிள்ளை அவன்.

“அம்மா, அண்டைக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் இறங்கத் தொடங்குது.”

“அப்ப மத்தியானத்துக்குப் பிறகு செய்வம்.”

“பிண்டம் கரைக்காமல் ஒருத்தரும் சாப்பிடேலாதே. சனம் முழுக்கப் பசியிலை நிக்கும்.”

“நிக்கட்டும்” என்றேன். இந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதுமையாக இருந்தது.

ஐயர்தான் இலேசில் இறங்கவில்லை. போனில் மகனோடு நிறைய நேரம் கதைத்தார். அன்றைக்குப் பின்னேரம் தனக்கு வெள்ளவத்தையில் இன்னொரு திவசம் இருக்கிறது என்றார். கடைசியில் மகன் போனை என்னிடம் நீட்டிவிட்டான். நான் போனில் ஐயரோடு கதைத்தவள் இல்லை. எழும்பி நின்றுகொண்டு கதைத்தேன்.

“ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி எந்தப் பக்கம் போனாலும் சமுத்திரந்தான். ஆனா அவர் இன்னும் போய்ச் சேரேல்லை.”

அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி அம்மா. வெள்ளவத்தைக்காரரை முதலிலை முடிச்சிட்டு வாறன்” என்றார்.

திவசத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கால்வாய்க்குப் போனேன். சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன், இன்ன நாள், இன்ன நேரம், தண்ணீரோடு இறங்கிப் போங்கோ என்று. போய்த் தோணியில் இருந்த உடனேயே விசில் கேட்டது. இந்த முறை கண்டலுக்குள் இல்லை. எனக்குக் கிட்ட, மிகக் கிட்ட, தலைக்கு மேலே. தோணிக்காரர் வலை வைக்கிற வாடிக் குடிசையின் தூணில்.

நிமிர்ந்து பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக, வாலை மேலே தூக்கிக்கொண்டு ஒரு குருவி. எங்கள் ஆட்கள் கரிச்சான் என்பார்கள். சிங்களத்தில் பொல்கிச்சா. கொழும்பில் எந்த மதிலிலும் இருக்கிற குருவிதான். அது தன்னுடைய பாட்டை நீளமாகப் பாடியது. நடுவில் அணிலின் சத்தம் ஒன்று, யாரோ கதவு திறக்கிற சத்தம் ஒன்று, பிறகு ஆறுமணிக் குருவியின் இரண்டு ஒலி, இரண்டாவது உடைந்தது. தொண்டை அசைவதை நான் பைனாகுலர் இல்லாமலே கண்டேன்.

என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்தாலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பாரம் இறங்கியது போல இருந்தது. அதே நேரம் என் கையில் இருந்ததை யாரோ பறித்துக்கொண்டு போனது போலவும் இருந்தது. அப்போ இவர் உள்ளே இல்லை. ஒரு வருஷமாக என்னைக் கூப்பிட்டது இந்தக் குருவி.

தோணிக்காரர் வலையை உதறிக்கொண்டே சிரித்தார். “பாத்தீங்களா அம்மா? மாத்தயாட சத்தத்த களவெடுத்திருக்கு. மாத்தயா வந்தா காட்டுங்க, நல்லா சிரிக்கும்.”

இனியும் தலையை ஆட்டிக்கொண்டிருக்க முடியாது.

“மாத்தயா இல்லை. செத்துப்போனார்” என்றேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். “எப்ப?”

“போன வருசம். தை மாசம்.”

அவர் தூணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய தமிழ் தடுமாறியது. “அம்மா, இந்தக் குருவி போன வருசம் சிங்கள அவுருது, சித்திரை வருசப் பிறப்பு, அதுக்குப் பிறகு பொரிச்சது. இந்தத் தூண் பொந்துலதான். என் பேத்தி கையில எடுத்து விட்டது. மாத்தயா அப்ப இல்ல தானே?” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். “அப்ப இது யார்கிட்டப் படிச்சது?”

நான் அந்தப் பொந்தைப் பார்த்தேன். தகப்பன் குருவியிடம் படித்திருக்கும். தகப்பன் குருவி இவரிடம் படித்திருக்கும். நாங்கள் எத்தனை வருஷம் அந்தக் கரையில் நடந்தோம். அப்படித்தான் இருக்க வேண்டும். நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, பிண்டத்தை எந்த நேரம் கரைத்தாலும் பரவாயில்லை என்று மகனிடம் சொல்ல நினைத்தேன். இவர் அங்கே இல்லையென்றால் தண்ணீர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. ஆனால் சொல்லவில்லை. தோணிக்காரர் கேட்ட கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

திவசம் அன்று சனம் பசியில் நின்றது. மகனின் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர், வயதானவர், கதிரையில் இருந்தபடி இரண்டு மூன்று தரம் கேட்டார், “என்ன, கடல் இன்னும் நித்திரையாலை எழும்பேல்லையோ?” என்று. மருமகள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து வாயை அடைத்தாள். ஐயர் வெள்ளவத்தையிலிருந்து வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தார்.

முகத்துவாரத்தில் இறங்கின உடனே நான் கற்களைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சேற்றைப் பார்த்தேன். உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன, நின்று குத்தி, ஓடி, நின்று குத்தி. மகனும் அவற்றைத்தான் பார்த்தான். “ஓம் அம்மா, இறங்குது” என்றான். போனை எடுக்கவில்லை.

அவன் பிண்டத்தைத் தண்ணீரில் விட்டான். சோறு கரைந்தது. எள்ளும் பூவும் முதலில் நின்ற இடத்திலேயே சுற்றின, பிறகு நீண்டு ஒரு கோடாகி, மணல் திட்டைத் தாண்டி, நங்கூரம் போட்டு நின்ற கப்பல்கள் இருக்கிற பக்கமாகப் போயின. ஒரு ஆலா அதன் மேல் கொஞ்ச தூரம் பறந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. இந்த முறையும் நான் திரும்பிப் பார்த்தேன். ஐயர் அதைக் கண்டும் தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் நிறைய நாள் கால்வாய்ப் பக்கம் போகவில்லை. வருஷத் துடக்குக் கழிந்து கோயிலுக்குப் போகலாம் என்றார்கள், கோயிலுக்குப் போனேன். வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் கல்யாணத்துக்கும் போனேன். அங்கே மண்டபத்துக்குள் குளிர் போட்டு யன்னலெல்லாம் பூட்டியிருந்தது. வெளியே கடல் இருந்தும் அலைச் சத்தம் உள்ளே வரவில்லை. நான் மேளச் சத்தத்துக்குள் வேறொரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சித்திரை முதல் கிழமையில் போனேன். ஆறுமணிக் குருவிகள் புறப்படுகிற நாட்கள். பின்னேரம், வெயில் தாழ்ந்துவிட்டது. தோணிக்காரர் வாடிக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு தலையை ஆட்டினார். பொல்கிச்சா தூணில் இருந்தது. அது தன் பாட்டைப் பாடி, நடுவில் அந்த விசிலையும் அடித்தது. எனக்குக் கால் எழும்பவில்லை. குருவி என்று கண்டுவிட்டேன் அல்லவா.

அது ஓய்ந்தபோது, ஏன் என்று தெரியாது, நான் உதட்டைக் குவித்தேன். சுற்றிப் பார்த்தேன். தோணிக்காரர் முதுகைக் காட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதினேன். காற்றுத்தான் வந்தது. திரும்ப ஊதினேன். மெல்லியதாக ஒரு சத்தம் ஏறியது, இறங்குகிறபோது கெட்டுப் போனது. என் வாழ்க்கையில் நான் அடித்த முதல் விசில். வெட்கத்தில் காது சுட்டது.

தூணில் இருந்த குருவி தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. வாய் மூடியிருந்தது. அது பாடவில்லை, நான் அதன் அலகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் கடல் பக்கத்திலிருந்து வந்தது. தூரத்திலிருந்து, கால்வாய் கங்கையில் சேருகிற வளைவுக்கும் அப்பால். முதல் ஒலி ஏறியது. இரண்டாவது இறங்கி உடைந்தது.

தோணிக்காரர் அடுப்பை ஊதுவதை நிறுத்தினார். அவரும் திரும்பிக் கடல் பக்கத்தைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அது இந்தக் குருவியின் தகப்பனாக இருக்கலாம். கூடப் பொரித்த இன்னொன்றாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரு வருஷமாக அந்தப் பக்கத்திலிருந்து கேட்காத சத்தம் அது. இன்னொரு தரமும் கேட்டது, இன்னும் தூரத்தில்.

முன்பென்றால் கால் எழும்பிப் போயிருக்கும். நான் தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். போகவில்லை. உதட்டைக் குவித்து இன்னொரு தரம் ஊதினேன், எனக்குக் கேட்டுது என்று சொல்வதற்காக மட்டும்.

தோணிக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். குடிக்காமல் தண்ணீரைப் பார்த்தேன். ஆகாயத்தாமரை ஒன்று நடுக் கால்வாயில் நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எந்தப் பக்கம் போவது என்று தண்ணீர் இன்னும் முடிவெடுக்காத நேரம் அது.